அக்கரைக் கடைக்காரர்: மலேசியத் தமிழ்ப் புனைகதையில் நிரம்பாத ஓர் இடம்

கப்பல் ஒன்றே, அதில் வந்தோர் ஒரு வகையினர் அல்லர். 1926 முதல் 1973 வரை சென்னையையும் நாகப்பட்டினத்தையும் பினாங்கு, சிங்கப்பூர்த் துறைமுகங்களோடு இணைத்த 'ரஜூலா' கப்பலின் தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தோருள், தோட்டத்துக்கென ஆள்சேர்க்கப்பட்டு வந்தவர் உண்டு. தம் கைப்பணத்தில் பயணச்சீட்டு வாங்கி, ஒரு தகரப் பெட்டியும் ஊர்க்காரர் ஒருவரின் முகவரியும் கொண்டு, சிறுகடை வைத்துப் பிழைக்கலாம் என்று வந்தவரும் உண்டு. முன்னவர் எண்ணிக்கையில் மிகப் பலர், பின்னவர் சிலர். ஆயினும், மலாயாத் தமிழர் வாழ்வு இவ்விருவரும் சேர்ந்து நெய்த துணி என்பதை வரலாறு அறிந்தார் மறுக்கமாட்டார்.

இலக்கியம் காலத்தின் கண்ணாடி என்பர். அக்கண்ணாடியில் பால்மரம் சீவிய தொழிலாளியின் உருவம் தெளிவாகத் தெரிகிறது. அவருக்கு அரிசி அளந்து கொடுத்த கடைக்காரரின் உருவமோ பெரும்பாலும் ஒரு கையும் ஒரு கணக்குப் புத்தகமுமாக மட்டுமே தெரிகிறது. அந்தக் கைக்கு உரிய முகம் எங்கே என்னும் வினா, மலேசியத் தமிழ்ப் புனைகதையைப் பாடமாகப் பயிற்றுவிக்கும் ஆசிரியர்களும் பயிலும் மாணவர்களும் எழுப்ப வேண்டிய வினாவாகும். இது வெறும் பாத்திரப் பட்டியல் பற்றிய குறை அன்று. அயல்நாடு புகுந்து தொழில் தொடங்கும் மனிதனை ஒரு சமுதாயம் எவ்வாறு பார்க்கிறது என்பதன் அளவுகோல் இது.

தோட்டத்துக் கதையும் தோட்டக் கடையும்

புலம்பெயர்ந்த தமிழரின் துயரைத் தமிழ் எழுத்து தொடக்க காலத்திலேயே கண்டுகொண்டது. பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகப் பாரதியார் உருகினார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள்கொண்டு போகப்பட்ட ஏழைகளின் கதையைப் புதுமைப்பித்தன் 1935இல் 'துன்பக்கேணி' ஆக்கினார். மலேசியாவில் கா. பெருமாளின் 'துயரப் பாதை' தோட்ட மக்களின் வாழ்வை உள்ளிருந்து காட்டியது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' சப்பானியர் ஆட்சியில் காட்டுக்கு இழுத்துச் செல்லப்பட்டவர்களின் கொடுமையைப் பதிவு செய்தது. தமிழகத்திலிருந்து வந்து கண்டு சென்ற அகிலனும் 'பால்மரக் காட்டினிலே' எனத் தோட்டத்தையே தம் களமாகக் கொண்டார். இம்மரபு பெருமைக்குரியது. குரலற்றவர்க்குக் குரல் தந்த இம்மரபு இல்லையெனில், தோட்டத்து வரலாற்றின் பெரும்பகுதி மண்ணோடு மண்ணாய்ப் போயிருக்கும்.

ஆனால், இம்மரபில் வளர்ந்த சிறுகதைகளை ஒருசேர வைத்துப் படிக்கும் மாணவர்க்கு ஓர் ஒற்றுமை புலப்படும். கடைக்காரர் கதையினுள் நுழைவது பெரும்பாலும் சம்பள நாளன்று. கையில் கணக்கு இருக்கும். முகத்தில் கடுமை இருக்கும். தொழிலாளியின் மனைவி கெஞ்சுவாள், அவர் இரங்கமாட்டார். வாங்காத சாமானும் கணக்கில் ஏறியிருக்கும். இரண்டு பத்திகளில் தம் பணியை முடித்துக்கொண்டு அவர் கதையை விட்டுப் போய்விடுவார். அவர் எந்த ஊரினர், ஏன் கடல் கடந்தார், யாரிடம் கடன்பட்டுக் கடை வைத்தார், இரவில் கடையை மூடியபின் எதை நினைத்துப் படுத்தார் என்பவை கதைக்கு வேண்டாதவையாகிவிடுகின்றன. விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை. எனினும், கதையின் நடுவில் நிற்கும் இடம் கடைக்காரர்க்கு அரிதாகவே வாய்த்துள்ளது.

இச்சித்திரம் முழுப் பொய்யா என்றால், அன்று. தோட்டத்தில் சம்பளம் மாதம் ஒருமுறை, பசியோ நாள்தோறும். மழை பெய்தால் மரம் சீவ இயலாது. இலையுதிர் காலத்தில் பால் குறையும். அந்நாள்களில் அரிசியும் பருப்பும் கருவாடும் எண்ணெயும் கடனாகவே வீட்டுக்கு வந்தன. '555' என்று எண் பொறித்த சிறு குறிப்பேட்டில் அக்கடன் ஏறியது. எழுதப் படிக்கத் தெரியாதவர்க்கு அக்குறிப்பேடு திறக்கவியலாத கதவு. கங்காணியே கடையையும் நடத்திய தோட்டங்களில், வேலை தருபவரும் கடன் தருபவரும் ஒருவரேயாக, தொழிலாளி இரு கயிறுகளால் கட்டுண்டார். ஆகவே, கதாசிரியர்களின் சினத்துக்கு அடிப்படை உண்டு. அச்சினத்தை மறுப்பது திறனாய்வு ஆகாது.

ஆயினும், கணக்கேட்டுக்குப் பற்று என்றும் வரவு என்றும் இரு பக்கங்கள் உண்டு. தோட்டக் கடைக்காரர் கடன் கொடுத்தவர் மட்டுமல்லர்; கடன் வாங்கியவரும் ஆவார். ஈப்போ போன்ற பட்டணங்களின் மொத்த வியாபாரியிடம் அவர் தவணைக்குச் சரக்கெடுத்தார். அம்மொத்த வியாபாரி வட்டிக்கடையில் பணம் எடுத்தார். உலகச் சந்தையில் ரப்பர் விலை விழுந்தால், தோட்டத்தில் ஆள்குறைப்பு நடக்கும்; ஆள் போனால் கடன் போகும்; கடன் போனால் கடை போகும். 1930ஆம் ஆண்டை ஒட்டி வந்த பெருமந்தத்தில் தொழிலாளர் பல்லாயிரவர் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டபோது, அவர்கள் விட்டுச் சென்ற கடனும் கடைக்காரர் தலையில் விழுந்திருக்கும் என்பதை உணரப் பொருளியல் புலமை தேவையில்லை. சங்கிலியின் ஒரு கண்ணியை மட்டும் வரைந்துவிட்டு, அதையே சங்கிலி என்று காட்டுவது ஓவியக் குறையே.

இடம் நிரம்பாமைக்குக் காரணங்கள்

இக்குறை எழுத்தாளர்களின் திறமைக் குறைவால் நேர்ந்ததன்று. 1950ஐ ஒட்டி 'தமிழ் நேசன்' நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய கதை வகுப்பு முதல், இந்நாட்டுச் சிறுகதை நுட்பமாகவே வளர்ந்து வந்துள்ளது. காரணங்கள் வேறு.

முதலாவது, எழுதியவர்களின் பிறப்பிடம். இந்நாட்டு எழுத்தாளர்களுள் தோட்டத்தில் பிறந்தவர்களும் தோட்டப்பள்ளி ஆசிரியர்களும் மிகுதி. கடையின் முன்புறம் நின்று சாமான் வாங்கியவர்கள் அவர்கள். பின்புறம் நின்று விற்றவர்கள் அல்லர். கண்டதை எழுதினார்கள், காணாததை எழுதவில்லை.

இரண்டாவது, காலத்தின் கருத்துச் சூழல். சீர்திருத்த உணர்வும் தொழிலாளர் இயக்கமும் ஓங்கிய காலத்தில், உழைப்பவர் ஒருபுறமும் உறிஞ்சுபவர் மறுபுறமுமாக உலகம் பிரிக்கப்பட்டது. அப்பிரிவினையில், அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து மூட்டை சுமக்கும் சிறுகடைக்காரர் எப்பக்கம் நிற்பார் என்று கேட்க எவர்க்கும் நேரமில்லை.

மூன்றாவது காரணமே ஆழமானது. விடுதலைக்குப் பின் மலேசியத் தமிழிலக்கியம் இந்த மண்ணின் இலக்கியமாகத் தன்னை நிலைநாட்ட முயன்றது. அம்முயற்சியில், மண்ணுக்கு வியர்வை சிந்திய தொழிலாளி மண்ணின் மைந்தராகக் காட்சியளித்தார். ஊருக்குப் பணம் அனுப்பும் கடைக்காரரோ என்றேனும் திரும்பிப் போகிறவர், ஆகவே வந்தேறி, என்று எண்ணப்பட்டார். தமிழரை அயலார் என்று பிறர் சொன்னபோது வருந்திய எழுத்தே, தமிழருள் ஒரு பிரிவினரை அயலாராக ஒதுக்கியது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

பழந்தமிழ் காட்டும் அயலூர் வணிகர்

தொன்மை இலக்கியம் இவ்வாறு ஒதுக்கவில்லை. காவிரிப்பூம்பட்டினத்தில் பல மொழி பேசும் அயல்நாட்டார் உள்ளூராரோடு கலந்து இனிதே வாழ்ந்ததைப் பட்டினப்பாலை பாராட்டுகிறது. பிறர் பொருளையும் தம் பொருள்போலக் கருதி, கொள்ளும்போது மிகையாகக் கொள்ளாமலும் கொடுக்கும்போது குறைவாகக் கொடுக்காமலும் வாணிகம் செய்தாரை அது போற்றுகிறது. அயலார் வருகை நகரின் செழிப்புக்கு அடையாளமாகவே புலவர்க்குத் தோன்றியது.

சிலப்பதிகாரம் இதனினும் ஆழச் செல்கிறது. கண்ணகியின் கற்பையும் ஊழின் வலிமையையும் வகுப்பறையில் விரித்துரைக்கும் ஆசிரியர்கள், கோவலனின் பயண நோக்கத்தை விரைந்து கடந்துவிடுவது வழக்கம். அவன் மதுரைக்கு ஏன் சென்றான்? இழந்த பொருளை மீண்டும் ஈட்டச் சென்றான். எதைக் கொண்டு? மனைவியின் காற்சிலம்பை முதலாகக் கொண்டு. பெருவணிகன் மகன், தன்னூரில் தலைகாட்ட நாணி, தன்னை அறியாத நகரில் சிறு முதலோடு புதுவாழ்வு தொடங்கப் புறப்பட்ட கதையே அது. நகரின் புறத்தே அடைக்கலம் தந்தவள் மாதரி என்னும் இடைக்குல மூதாட்டி. அயலூரில் முதலில் கதவு திறப்பவர் பெரும்பாலும் எளியவரே என்பதை இளங்கோவடிகள் அறிந்திருந்தார்.

கொலைக்களக் காதையில் ஒரு நுட்பம் உண்டு. கோவலனைக் கண்ட காவலர், இவன் தோற்றம் கள்வனுக்குரியதன்று என்கின்றனர். உடனே பொற்கொல்லன் கள்வர் கையாளும் மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி ஆகிய எட்டையும் விரித்துரைத்து, கள்வர் இப்படித்தான் இருப்பர் என நிறுவுகிறான். கண் கண்டது ஒன்று. வாய் சொன்ன இலக்கணம் மற்றொன்று. இலக்கணம் வென்றது, மனிதன் வீழ்ந்தான். கோவலனைத் தெரிந்தவர் அந்நகரில் ஒருவரேனும் அரசன் அவையில் இருந்திருந்தால் அக்கொலை நிகழ்ந்திராது. முன்பே வகுத்து வைத்த சித்திரத்தை மனிதன்மேல் ஏற்றிப் பார்ப்பதன் விளைவுக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டுத் தமிழில் இல்லை. பின்னர் அவைக்களத்தில் கண்ணகி தன் கணவனை அறிமுகம் செய்யும்போது, இன்னார் மகன் என்று குடிப்பெயர் சொல்வதோடு நில்லாமல், வாழ்வு நாடி இந்நகர் வந்தவன் என்றும் கூறுகிறாள். அயலூரில் பிழைக்க வந்த எல்லார்க்குமாகச் சொல்லப்பட்ட சொல்லாக அதனைக் கொள்ளலாம்.

மணிமேகலையில் வரும் சாதுவன் இன்னொரு பாடம் தருகிறான். கப்பல் உடைந்து நாகர் தீவில் ஒதுங்கிய அவ்வணிகனைக் கொன்று தின்ன வந்தனர் அத்தீவினர். அவன் பிழைத்தது வாளால் அன்று. அவர்தம் மொழியை அவன் அறிந்திருந்ததால். மொழி தெரிந்ததும் பகை உரையாடலாக மாறியது. கந்தோனிய மொழி பேசும் சீனரிடமும் மலாய்க்காரரிடமும் அவரவர் மொழியிலேயே விலை பேசக் கற்ற ஈப்போவின் தமிழ்க் கடைக்காரர், சாதுவனின் வழித்தோன்றல் அல்லரோ?

ப. சிங்காரம் காட்டிய வழி

இக்காலப் புனைகதையில் அக்கரை வணிகரை நடுவில் நிறுத்தியவர் ப. சிங்காரம். சிங்கம்புணரியில் 1920இல் பிறந்து, 1938இல் சுமத்திராவின் மேடான் நகருக்குக் கடைப் பணியாளராகச் சென்றவர் அவர். மேடான், பேராக் கரையிலிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்தால் எட்டும் நகர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் தமிழகம் திரும்பி, மதுரையில் நாளிதழ்ப் பணி செய்துகொண்டே அவர் எழுதியவை 1959இல் வெளிவந்த 'கடலுக்கு அப்பால்', 1972இல் வெளிவந்த 'புயலிலே ஒரு தோணி' ஆகிய இரண்டு நாவல்கள். இவ்விரண்டும் மலேசிய எழுத்தாளர்க்கும் ஆசிரியர்க்கும் இன்றியமையாத பாடங்கள்.

வட்டிக்கடை உலகின் அமைப்பு இந்நாவல்களில் உயிரோடு இயங்குகிறது. முதலாளியின் பெயரெழுத்துகளே 'மார்க்கா' ஆகித் தொழிலின் அடையாளமாகின்றன. முதலாளியின் கீழ் மேலாள், அவர்க்குக் கீழ் அடுத்தாள், அவர்க்கும் கீழ் பெட்டியடிப் பையன் எனப் படிநிலை. ஊரிலிருந்து வந்த சிறுவன் சமையலுக்கு உதவி, பெட்டியடியில் அமர்ந்து, வசூலுக்கு அலைந்து, கணக்குப் பழகி, ஒருநாள் தன் பெயரில் தொழில் வைக்கும் கனவோடு வளர்கிறான்.

'கடலுக்கு அப்பால்' நாவலின் செல்லையா, பினாங்கில் வானாயீனா மார்க்காவின் பணியாளன். நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து போர்க்களம் கண்டு திரும்பியவன். முதலாளியின் மகள் மரகதத்தை அவன் விரும்புகிறான், அவளும் விரும்புகிறாள். ஆயினும், துப்பாக்கி ஏந்திய கை இனித் தராசு ஏந்தாது என்பதுபோல முதலாளி மறுத்துவிடுகிறார். இங்கே சிங்காரத்தின் நடுவுநிலை வியக்கத்தக்கது. வானாயீனா கொடியவராகப் படைக்கப்படவில்லை. அயல்நாட்டில் ஒருவன் பல்லாண்டு அடங்கி, பணிந்து, கணக்கு வழுவாது கட்டிய தொழிலைக் காக்கும் அச்சமே அவரை இயக்குகிறது. செல்லையாவின் வீரத்துக்கு நேரும் இழப்பையும் முதலாளியின் அச்சத்துக்குரிய ஞாயத்தையும் படிப்பவர் ஒரே வேளையில் உணர்கின்றனர். கெட்டவர் இன்றியே துன்பியல் நிகழ்கிறது. கடைக்காரர் பாத்திரத்தை இவ்வளவு உயரத்துக்குக் கொண்டு செல்ல இயலும் என்பதற்கு இதுவே சான்று.

குறைகள் இல்லாமல் இல்லை. சிங்காரத்தின் உலகம் பெரிதும் ஆடவர் உலகம். ஊரில் விடப்பட்ட மனைவியரின் குரல் நினைவுகளின் வழியே மட்டும் கேட்கிறது. கடன் வாங்கியவர்களான மலாய்க்காரரும் சீனரும் பிறரும் கதையின் மையத்துக்கு வருவதில்லை. 'துயரப் பாதை' தொழிலாளியின் பக்கத்தை எழுதியது. 'கடலுக்கு அப்பால்' வணிகரின் பக்கத்தை எழுதியது. இரண்டையும் ஒரே ஏட்டில் எழுதும் படைப்பு இன்னும் வரவேண்டியுள்ளது. அதற்குப் பேராக் மாநிலத்தைவிடப் பொருத்தமான களம் அரிது.

பேராக் மண்ணில் காத்திருக்கும் கதை

கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயம் சீனரை ஈர்த்தது. ரப்பர் தமிழரை ஈர்த்தது. இரண்டுக்கும் நடுவில் ஈப்போ வளர்ந்தது. லகாட் சாலையின் செட்டியார் கடைகள், நகரத் திடலருகே 1908இல் எழுந்த இந்திய முஸ்லிம் பள்ளிவாசல், கல்லுமலை முருகன் கோயில் ஆகியவை வந்தவர்கள் வேரூன்றியதன் கண்கண்ட சான்றுகள். மளிகை, துணி, தையல், சலவை, முடிதிருத்தம், பொன்வேலை, மாடு வைத்துப் பால் கறந்து ஊற்றுதல், சுவரோரத்து ஒட்டுக்கடை எனத் தொழில்கள் பல. புந்தோங் வட்டாரத்தில் குடும்பம் குடும்பமாகக் கடலையும் பட்டாணியும் வறுத்து, முறுக்கும் பகோடாவும் பொரித்து விற்கும் கச்சாங் பூத்தே தொழில், அவ்விடத்துக்கே பெயர் தேடித் தந்தது. கூலி வேலைக்கும் பெருவணிகத்துக்கும் இடையே, அடுப்பும் வாணலியுமாகத் தம் காலில் நின்ற குடும்பங்களின் தொழில் அது. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தனின் தந்தையார், கடல் கடந்து வந்து ரப்பர்த் தோட்ட உரிமையாளராக உயர்ந்தவர். தோட்டத் துண்டாடலைத் தடுக்கத் தொழிலாளரின் சிறுசேமிப்பைத் திரட்டி, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அம்மகனார் நிறுவியதும் வரலாறு. உழைப்பையும் முதலையும் பகைப்பொருளாக மட்டும் காண்பது போதாது என்பதற்கு இது உள்ளூர்ச் சான்று.

இம்மாநிலத்துக் கடைக்காரர் ஒருவரின் வாழ்வை எழுதப் புகும் எழுத்தாளர்க்கு வரலாறே கதைப்பின்னல் தருகிறது. 1941 டிசம்பர் இறுதியில் சப்பானியர் ஈப்போவைக் கைப்பற்றினர். வாழைமரம் பொறித்த அவர்தம் நோட்டுகளைப் பெட்டி நிறையச் சேர்த்தவர், 1945இல் அவை வெறுந்தாளானதைக் கண்டார். 1948 ஜூன் மாதம் சுங்கை சிப்புட் தோட்டங்களில் துரைமார் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. காட்டிலிருந்தோர்க்கு உணவு போகாமல் தடுக்க அரிசிக்குக் கட்டுப்பாடு வந்தது. உணவு டின்களைத் துளையிட்டே விற்குமாறு கடைக்காரர் பணிக்கப்பட்ட இடங்களும் இருந்தன. பகலில் காவலரின் ஐயம், இரவில் காட்டாரின் அச்சுறுத்தல் என இரண்டுக்கும் நடுவில் கடை திறந்தவரின் மனநிலை எத்தகையது?

விடுதலைக்குப் பின்னும் சோதனை ஓயவில்லை. 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குடியுரிமை இல்லாதவர்க்கு வேலை அனுமதி தேவைப்பட்டது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த பல்லாயிரவர் 1969ஐ ஒட்டித் தாயகம் திரும்பினர். அவருள் தொழிலாளரும் உண்டு; கடைச் சிப்பந்திகளும் உண்டு. முப்பதாண்டு தாம் அமர்ந்த கல்லாவை விட்டுக் கப்பலேறிய ஒருவர், சொந்த ஊரில் இறங்கியபோது அங்கும் அயலாராகவே பார்க்கப்பட்டார் எனில், அவர் எந்நாட்டவர்? பின்னர் 1985இல் உலக ஈயச் சந்தை சரிந்தது. தோட்டங்கள் செம்பனைக்கும் வீட்டு மனைக்கும் மாறின. மக்கள் பட்டணத்து ஓரங்களுக்குப் பெயர்ந்தனர். ஆள் இல்லாத் தோட்டத்தில் கடைக்கு என்ன வேலை?

இக்கதையை எழுதுவோர் கடைக்காரர்க்குப் புகழ்மாலை சூட்டவேண்டியதில்லை. அவர் எடையில் செய்த வஞ்சனையும், வட்டியில் காட்டிய கடுமையும் மறைக்கப்படலாகாது. சிறுதோட்டக்கார மலாய் உழவரின் நிலம் கடனால் கைமாறும் என்னும் அச்சமே 1913, 1933ஆம் ஆண்டுகளின் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டங்களுக்குப் பின்னின்ற காரணங்களுள் ஒன்று. அவ்வுழவரின் கண்ணில் தமிழ் வட்டிக்கடைக்காரர் எவ்வாறு தோன்றினார் என்பதையும் எழுதவேண்டும். வேண்டுவது புகழ்ச்சியன்று, வள்ளுவர் வாணிகர்க்கு வற்புறுத்திய நடுவுநிலைமையே. சமன்செய்து சீர்தூக்கல் தராசு பிடித்தவர்க்கு மட்டுமன்று, எழுதுகோல் பிடித்தவர்க்கும் கடமையாகும்.

இன்றைய அயலார்

இவ்வளவும் பழங்கதைக்காகச் சொல்லப்படுவதன்று. தமிழர் குடியிருந்த தோட்டத்து லயங்கள் பலவற்றில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நேப்பாளரும் வந்து தங்கினர். அவர்க்குத் தேவையான அரிசியும் மீனும் தொலைபேசி அட்டையும் விற்க, அவருள்ளேயே சிலர் சிறுகடை வைக்கத் தலைப்பட்டனர். சட்டம் அவர்க்கு எளிதாக இடந்தரவில்லை. 1956ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டத்தின்கீழ், தனியொருவர் தொழிலைக் குடிமக்களும் நிரந்தர வசிப்பாளரும் மட்டுமே பதிவு செய்ய இயலும். ஆகவே, உள்ளூரார் பெயரில் உரிமம், அயலார் கையில் கடை என்னும் மறைமுக ஏற்பாடுகள் தோன்றின. அவற்றின்மேல் சோதனைகளும் நடந்தன. உள்ளூர்ச் சிறுவணிகர் தம் பிழைப்புப் பறிபோவதாக வருந்துவதிலும் ஞாயம் உண்டு. இன்னொரு புறம், தமிழர் நடத்தும் முடிதிருத்தகம், பொற்பட்டறை, துணிக்கடை ஆகியவை வெளிநாட்டுப் பணியாளர் இன்றித் தவித்தன. 2009இல் நிறுத்தப்பட்ட அனுமதியை இத்துறைகளுக்கு மீண்டும் வழங்க 2023இல் அரசு இசைந்தபோது, அவர்கள் மகிழ்ந்தனர். அயலார் வேண்டும் என்பாரும் வேண்டா என்பாரும் ஒரே தெருவில், சில வேளை ஒரே வீட்டில் இருக்கின்றனர்.

இந்நிலையில், வகுப்பறையிலுள்ள மாணவர் அத்தகைய கடைக்காரரைப் பற்றிக் கேள்விப்படும் சொற்கள் யாவை? வந்தேறி, ஏமாற்றுக்காரன், ஊருக்குப் பணம் கடத்துபவன். இவை புதிய சொற்கள் அல்ல. இம்மாணவரின் பாட்டனாரைப் பார்த்து முன்பு பிறர் சொன்னவையே. பொற்கொல்லன் ஒப்புவித்த கள்வர் இலக்கணம்போல, இவையும் ஆளைப் பாராமலே தீர்ப்பளிக்கின்றன. தன் சமுதாயத்துக் கடைக்காரரின் முழுக்கதையைப் படித்து வளர்ந்த மாணவர் இச்சொற்களைச் சொல்லுமுன் ஒரு கணம் தயங்குவார். அக்கதையைப் படிக்க வாய்க்காத மாணவர்க்கு அத்தயக்கம் எங்கிருந்து வரும்? புனைகதையில் ஓர் இடம் நிரம்பாமற் போனதன் விலை இதுவே.

ஆசிரியர் செய்யத்தக்கது

எழுத்தாளர் எழுதும்வரை ஆசிரியர் காத்திருக்க வேண்டியதில்லை. சிலப்பதிகாரம் கற்பிக்கும்போது, மதுரைக்குப் பிழைக்க வந்த வணிகனாகக் கோவலனை ஒருமுறை பார்க்கச் செய்யலாம். உயர்நிலை மாணவர்க்குக் 'கடலுக்கு அப்பால்' நாவலை அறிமுகம் செய்து, வானாயீனாவின் தரப்பில் நின்று ஒரு பக்கம் எழுதுமாறு பணிக்கலாம். கட்டுரைப் பயிற்சிக்கு வழக்கமான தலைப்புகளை விடுத்து, அவரவர் வட்டாரத்தில் பழங்கடை நடத்தும் முதியவர் ஒருவரைக் கண்டு, அவர் குடும்பம் கடல் கடந்த கதையைக் கேட்டு எழுதிவரச் சொல்லலாம். எந்த ஊர், எந்த ஆண்டு, முதல் முதலாக விற்ற பொருள் எது, முதற்கடன் கொடுத்தவர் யார், கடனை எழுதிய குறிப்பேடு இன்னும் உள்ளதா என்னும் ஐந்து வினாக்கள் போதும்.

அம்முதியவர்கள் குறைந்து வருகின்றனர். தாளின் ஓரம் செல்லரித்த குறிப்பேடுகள் பழைய தாள் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. அவற்றில் வராத கடன்கள் பல எழுதப்பட்டுள்ளன. அவற்றுள் கேட்டும் கிடைக்காதவை சில. கொடுத்தவர் தாமாகவே கோடிட்டு அடித்தவை சில. எது எதுவென்று அறிந்தவர் அவரே. அவர் இருக்கும்போதே அவரிடம் சென்று கேட்பது, தமிழ் கற்பிப்போரும் கற்போரும் இனியும் தள்ளிப்போடலாகாத பணியாகும்.